கனடா அரை மைல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைத் திட்டவட்டமாக அறிந்தவர்கள் இதுவரை இரண்டே பேர்தான் பிறந்திருக்கிறார்கள். ஒருவர் இந்த நாட்டை முதன்முதலில் அளந்தவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. மற்றவர் நான்.

என் பெயர் வெண்டெல் கோசிக். டெட்ராய்ட் நகரில், ஆற்றை ஒட்டிய ஹெரன் பாயின்ட் வட்டாரத்தில் பிறந்து, நாற்பத்தொன்பது வருடமாக அங்கேயே குடியிருக்கிறேன். தொழில், தரைவிரிப்பு விற்பனை. அது வயிற்றுக்காக. 1948-ஆம் வருடம் பள்ளிகளுக்கிடையே நடந்த பூகோளப் போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றவன் என்பதே என் உண்மையான தகுதி. சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். போட்டிக்கு வந்ததே மூன்று பேர்தான் என்று சிலர் கிளப்பிவிடுகிறார்கள். அபாண்டம். பெயர் கொடுத்தவர்கள் நான்கு பேர். நான்காமவனுக்கு அன்று அம்மை போட்டிருந்தது.

இந்த ஞானம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. சின்ன வயதிலிருந்தே ‘ஆராய்ச்சி’ செய்து வந்தவன் நான். வரைபடத்தில் ஒவ்வொரு மாநிலத் தலைநகருக்கும் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள் அல்லவா? எங்கள் தலைநகரமான லான்சிங்கில் அந்த நட்சத்திரம் எவ்வளவு பெரிதாக இருக்கும், மேலே ஏற விடுவார்களா என்று ஆறு வயதில் பல நாள் யோசித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா காரில் அழைத்துப் போனார். ஊர் இருந்தது, நட்சத்திரம் இல்லை. கழுவுவதற்காகக் கழற்றிக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நானே என்னைத் தேற்றிக்கொண்டு வந்தேன்.

ஃப்ளோரிடா வரைபடத்தின் அடியில் இருப்பது. அங்கிருந்து அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, இத்தனை தூரம் மேட்டில் ஏறி வந்தவளுக்குக் கால் கடுக்குமே என்று ஒரு வாளி வெந்நீர் கொண்டுபோய் வைத்தேன். அத்தை வந்தது ரயிலில். இருந்தாலும் மறுபேச்சில்லாமல் காலை நனைத்துக்கொண்டாள். பிறகு மாமா ஒருவருக்குக் கடிதம் போட்டேன். அவர் கான்சாஸ் சிட்டியில் இருந்ததால், கான்சாஸ் மாநிலம் என்று விலாசம் எழுதினேன். அவர் இருந்த கான்சாஸ் சிட்டி மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது. கடிதம் திரும்பி வந்தது. மாமா காலமாகிவிட்டார் என்று முடிவு கட்டி ஒரு வாரம் இனிப்புத் தொடாமல் துக்கம் அனுஷ்டித்தேன். கிறிஸ்துமஸுக்கு அவர் நேரில் வந்து நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இவை எல்லாவற்றுக்கும் சிகரம் கனடா. எங்கள் தெருக் கோடியில் நின்றால் ஆற்றுக்கு அப்பால் கட்டடங்கள் தெரியும். “அதுதான்டா கனடா. அந்த ஊர் பேரு வின்ட்ஸர்” என்றார் அப்பா. நான் நம்பவில்லை. கனடா மேலே இருப்பது. வகுப்பறை வரைபடத்தில் அதை எட்டித் தொட வாத்தியாரம்மாவுக்கே பிரம்பு வேண்டியிருந்தது. ஆறோ எங்கள் தெருவுக்குக் கீழே ஓடுகிறது. ஆகவே எதிரில் தெரிவது எங்கள் மாநிலத்துக்குக் கீழே இருக்கும் ஒஹாயோ என்று தீர்மானித்தேன். வளர்ந்த பிறகு, எதிரில் தெரிவது கனடாதான் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் கனடா வடக்கே இருக்கிறது என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு உண்மைகளும் ஒரே மண்டைக்குள் நாற்பது வருடம் குடியிருந்தன, ஒருநாளும் சண்டை போட்டுக்கொண்டதில்லை. அறிவாளியின் மண்டை அவ்வளவு விசாலம்.

இப்படிப்பட்ட ஒருவனை எங்கள் ‘ஹெரன் பாயின்ட் வட்டார முன்னேற்றச் சங்கம்’ எப்படி விட்டுவைக்கும்? சென்ற வருடம் வட்டாரத்துக்கு நூறு வயது ஆயிற்று. ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரு ‘திசைத் தூண்’ நிறுவுவது என்று தீர்மானம் ஆயிற்று. ஒரே கம்பம், பன்னிரண்டு மர அம்புகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப் பெயரும் தூரமும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வார்கள், வட்டாரம் முன்னேறிவிடும் என்பது ஏற்பாடு. ‘திசை மற்றும் தூர உபகுழு’வின் தலைவராக நான் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். உபகுழுவில் நான் ஒருவன்தான்.

சங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. தலைவர் மில்லர்ட் ஸ்டாடர்ட், சவ அடக்க நிலையம் நடத்துபவர். எந்த விஷயத்தையும் முடித்துவைப்பதில் அவருக்கு அனுபவம் அதிகம். செயலாளர் லூசில், நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். ஆர்வில், தொலைபேசிக் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். உயரத்திலிருந்து பார்த்ததால் தனக்கு எல்லா ஊரும் தெரியும் என்பார். சலவைக்கடை நடத்தும் கணவனும் மனைவியும் இரண்டு உறுப்பினர்கள். அவர் கை தூக்கினால் இந்த அம்மாள் தூக்கமாட்டார், இவர் தூக்கினால் அவர் தூக்கமாட்டார். அது அவர்கள் குடும்ப விஷயம். ஆறாவது நான். ஏழாவது உறுப்பினர் எப்போதும் மீன் பிடிக்கப் போயிருப்பார்.

எங்கள் மிஷிகன் மாநிலத்துக்கு ஒரு பெருமை உண்டு. கடவுள் அதைக் கையின் வடிவத்தில் படைத்திருக்கிறார். வலது உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்தால் அதுதான் மிஷிகன். யாராவது ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் நாங்கள் வாயைத் திறப்பதில்லை, கையைத் தூக்கி ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுவோம். கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடம் டெட்ராய்ட். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு உறுப்பு என்று நினைத்துக்கொண்டு, நாட்டின் அடியில் நீட்டிக்கொண்டு தொங்கும் ஃப்ளோரிடாவின் ஆட்கள் எதைத் தூக்கிக் காட்டுவார்கள் என்று அம்மாவிடம் கேட்டு அறை வாங்கியவன் நான்.

இந்தப் பெருமையால் சங்கத்துக்கு ஒரு நிர்வாகச் சிக்கல் ஏற்பட்டது. கை தூக்கி ஓட்டுப் போடும்போது, யார் ஓட்டுப் போடுகிறார், யார் ஊர் காட்டுகிறார் என்று தெரிவதில்லை. ஒரு தடவை ஆர்வில் தன் மச்சான் படகு வாங்கிய ஊரைக் காட்டப்போக, பூங்காவில் நாய்களுக்குத் தடை விதிக்கும் தீர்மானம் நிறைவேறிவிட்டது. ஆர்விலிடமே மூன்று நாய்கள். அதிலிருந்து ‘தீர்மானம் எண் 14’ அமலில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் செயலாளர் “ஓட்டா, மேப்பா?” என்று கேட்க வேண்டும், உறுப்பினர் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவு தெளிவான நடைமுறை வேறு எந்த ஆட்சிமன்றத்திலும் கிடையாது.

என் அறிக்கையை மூன்று வாரத்தில் முடித்தேன். பெட்ரோல் நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, அளவுகோலை வைத்து, கெட்ச்அப் கறை இருந்த இடங்களில் மட்டும் ஊகத்தைப் பயன்படுத்தினேன். சபையில் வாசித்தபோது எதிர்ப்பு ஒன்றே ஒன்றுதான், அலாஸ்கா.

“அலாஸ்காவுக்கு ஏன்யா வடமேற்குல அம்பு போட்டிருக்கே?” என்றார் ஆர்வில். “மேப்புல பாரு. கலிஃபோர்னியாவுக்குக் கீழ, கடல்ல, ஹவாய்க்குப் பக்கத்துல கட்டம் கட்டி வச்சிருக்கான்.”

“இடமில்லாம அங்க போட்டிருக்கான், ஆர்வில்.”

“இடமில்லைன்னா சின்னதா போடுவான். எடுத்துட்டுப் போய் வேற இடத்துல வைப்பானா? உன் தரைவிரிப்பு கூடத்துல பத்தலைன்னா பக்கத்து வீட்டுல விரிப்பியா?”

தொழில்முறையில் இது வலுவான வாதம். ‘கருத்தொற்றுமை ஏற்படாததால்’ அலாஸ்காவைக் கைவிட்டு அதற்குப் பதிலாக அட்லாண்டாவைச் சேர்த்தோம். அறிக்கை நிறைவேறியது. அதில் கடைசி வரி: ‘கனடா, வடக்கு, அரை மைல்.’

தூணை நட்டு அம்புகளை மாட்டும் பொறுப்பு டோரீன் ஹலாஸுக்கு. சங்கத்தில் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அவள்தான், பூங்காக் காவலாளி. பதினோரு வருடம் நாடு முழுக்கச் சரக்கு லாரி ஓட்டியவள். இடுப்பு விட்டுப்போய், இனி லாரி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இங்கே வந்தாள். பூங்கா ஓரத்தில் இரண்டு அறை வீடு ஒன்று உண்டு, வேலையோடு வருவது. வேலை போனால் வீடும் போகும். ஐம்பத்தாறு வயதில், விட்டுப்போன இடுப்போடு, அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. இது சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்புகள் மாட்டிய மறுநாள் மத்தியானம் பூங்காவுக்குப் போனேன். இரண்டு அம்புகள் என் அறிக்கைக்கு விரோதமாக இருந்தன. அட்லாண்டா, நான் குறித்தபடி தென்கிழக்கே நிற்காமல் கொஞ்சம் மேற்கே சாய்ந்திருந்தது. கனடா, பச்சையாகத் தெற்கே, ஆற்றைப் பார்த்து நின்றது.

“என்ன டோரீன் இது? அட்லாண்டா கிழக்குக் கடற்கரை ஊரில்லையா?”

“கடலுக்கும் அதுக்கும் நாலு மணி நேரம் லாரி ஓட்டணும் சார். நேர்கோடு போட்டுப் பாருங்க, நம்ம ஊரைவிடக் கொஞ்சம் மேற்கால இருக்கு. நம்ப மாட்டீங்க, ரீனோகூட லாஸ் ஏஞ்சலஸுக்கு மேற்கால. கலிஃபோர்னியா அப்படி வளைஞ்சு கெடக்கு. நானே மொத தடவை ஓட்டறப்ப மேப்பத்தான் திட்டினேன்.”

“சரி, அட்லாண்டாவை விடு. அது இங்க வந்து பார்க்கப்போறதில்ல. கனடாவை எதுக்குத் திருப்பி வச்சே?”

அவள் கையிலிருந்த திருகாணிச் சாவியைக் கீழே வைத்தாள். “சார், மணி என்ன?”

“ஒண்ணரை.”

“இந்த ஊர்ல கோடைக்காலத்துல சூரியன் நேர் தெற்கால வர்ற நேரம். ஆத்தப் பாத்து நில்லுங்க. எதிர்ல என்ன தெரியுது?”

“வின்ட்ஸர்.”

“அது எந்த நாடு?”

“கனடா.”

“வெயில் எங்க அடிக்குது?”

வெயில் என் மூஞ்சியில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கண்ணைச் சுருக்கினேன். பிறகு ஓர் உபகுழுத் தலைவர் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன்.

“வெயில் நம்ம சங்கத்துல உறுப்பினர் இல்ல.”

டோரீன் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பில்லை, நல்ல சிரிப்பு. சட்டைப் பையிலிருந்து திசை காட்டும் ஒரு பழைய காம்பஸை எடுத்து என் கையில் வைத்தாள். “எடுத்துட்டுப் போங்க சார். நீங்களே பாருங்க. நான் சொன்னா எதுக்குக் கேக்கணும்? அந்த ஆறு இங்கதான் வளைஞ்சு ஓடுது. அதனாலதான் கனடா நமக்குக் கீழ வந்து மாட்டிக்கிச்சு. இந்த ஊர்க்காரங்களுக்கே பாதிப்பேருக்குத் தெரியாது.”

மூன்று நாள் காம்பஸும் கையுமாக அலைந்தேன். வாசலில் வைத்துப் பார்த்தேன், கடையில் வைத்துப் பார்த்தேன், சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது வைத்துப் பார்த்தேன். முள் ஒவ்வொரு தடவையும் டோரீன் பக்கமே பேசியது. நாற்பத்தொன்பது வருடம் கண்ணெதிரே கிடந்த ஒரு நாட்டை நான் முதுகுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவே அவள்மேல் மரியாதையும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து ‘நான்தான் தப்பு, டோரீன்தான் சரி’ என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கண்ணாடி முன் நின்று சொல்லியும் பார்த்தேன். கம்பீரமாக இருந்தது.

அதற்குள் தலைவர் மில்லர்ட் அம்பைப் பார்த்துவிட்டார். நேரே டோரீனிடம் போய், அதை வடக்கே திருப்பச் சொல்லியிருக்கிறார். “திருப்ப மாட்டேன் சார். பொய் சொல்ற பலகைய நான் மாட்ட மாட்டேன்” என்று அவள் சொல்லியிருக்கிறாள். லாரி ஓட்டுகிறவர்களுக்குத் திசைப் பலகை என்றால் ஒரு பக்தி. தப்பான பலகையை நம்பி ஒரு தடவை பனியில் முழு நாள் மாட்டிக்கொண்டவளாம்.

செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம். காபி, டோநட், ‘ஒழுங்கு நடவடிக்கை’. டோரீன் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்கு முதுகுப் பக்கம் ஒரு தலையணை.

மில்லர்ட் எழுந்தார். அவர் குரல் எப்போதும் பக்கத்து அறையில் பிணம் இருப்பது போலவே தணிந்திருக்கும். “நண்பர்களே, சங்க ஊழியர் ஒருத்தங்க, சங்கம் நிறைவேத்தின அறிக்கைய மீறி, கனடாவைத் தெற்கால வச்சிருக்காங்க. இதுல நாட்டு மானமும் இருக்கு, வீட்டு விலையும் இருக்கு.”

“வீட்டு விலை எங்கேர்ந்து வந்துது?” என்று கேட்டார் லூசில், குறிப்பெடுப்பதை நிறுத்தி.

“கனடா நமக்குத் தெற்கால இருந்தா நாம யாரு? கனடாவுக்கும் வடக்க இருக்கறவங்க. வீடு வாங்க வர்றவன் என்ன நினைப்பான்? கனடாவே குளிரு, இது அதுக்கும் மேலன்னு ஓடிடுவான்.”

ஆர்வில் தலையை ஆட்டினார். “நானும் அதைத்தான் சொல்றேன். முப்பது வருஷம் கம்பத்து மேல நின்னு பாத்திருக்கேன். ஒருநாளும் கனடா கீழ இருந்ததில்ல.”

“கம்பத்து மேல நின்னா எல்லாமே கீழதானே இருக்கும்?” என்றார் சலவைக்கடை அம்மாள்.

“நீ சும்மா இரு” என்றார் சலவைக்கடைக்காரர்.

“நீங்க இருங்க” என்றார் அம்மாள்.

தலைவர் டோரீனைப் பார்த்தார். “நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?”

டோரீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “வெளிய வாங்க, காட்டறேன். இங்கேர்ந்து நூறு அடி. கண்ணத் தொறந்து பாத்தாப் போதும். காம்பஸ் வேணும்னா கோசிக் சார் கிட்ட இருக்கு. அவரும் பாத்திருக்காரு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேச வேண்டிய நேரம் அதுதான். என் வாயில் டோநட் இருந்தது. மென்றேன். அவ்வளவு பெரிய டோநட் இல்லை அது. ஆனாலும் நன்றாக மென்றேன்.

“சபைக்கு வெளிய நடக்கறதச் சபை குறிப்புல ஏத்த முடியாதும்மா” என்றார் மில்லர்ட் மிகுந்த அனுதாபத்தோடு. “கீழ்ப்படியாமைக்காக டோரீன் ஹலாஸை வேலையிலேர்ந்து நீக்கறதுன்னு முன்மொழியறேன்.”

“வழிமொழியறேன்” என்றார் ஆர்வில்.

“ஆதரிக்கறவங்க கை தூக்குங்க” என்றார் லூசில்.

மில்லர்ட் கை தூக்கினார். ஆர்வில் தூக்கினார். சலவைக்கடைக்காரர் தூக்கினார், ஆகவே அம்மாள் தூக்கவில்லை. லூசில் பேனாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூன்று. இன்னொரு கை எழாவிட்டால் தீர்மானம் விழுந்துவிடும், டோரீனின் வேலையும் வீடும் தங்கும். எனக்குக் கணக்குப் போடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

டோநட் இறங்கிவிட்டது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். மிஷிகன்காரன் எப்படி ஆரம்பிப்பான்? வலது கையைத் தூக்கினேன். இதோ டெட்ராய்ட், இங்கே ஆறு வளைகிறது, அதற்குக் கீழே பாருங்கள் கனடா என்று காட்டுவதுதான் என் உத்தேசம். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். இதுவரை நான் சொன்ன எதையும் நீங்கள் நம்பாவிட்டாலும் இதை நம்புங்கள்.

லூசில் என் கையைப் பார்த்தார். தீர்மானம் எண் 14.

“ஓட்டா, மேப்பா?”

ஒரே வார்த்தை. ‘மேப்’ என்று சொன்னால் முடிந்தது.

அந்த நேரம் பார்த்து மில்லர்ட் மெதுவாகச் சொன்னார்: “ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க வெண்டெல். வடக்குன்னு எழுதிக் கொடுத்தது உங்க அறிக்கை. அந்தம்மா சரின்னா நீங்க தப்பு. நூற்றாண்டு மலர்ல உங்க போட்டோவ வேற போட்டிருக்கோம்.”

அந்த மலரில் என் படத்துக்குக் கீழே ‘பூகோள வல்லுநர்’ என்று அச்சாகியிருந்தது. எண்ணூறு பிரதி. அச்சகத்திலிருந்து வந்ததில் பன்னிரண்டு பிரதி என் வீட்டிலேயே இருந்தன. டோரீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் இல்லை அந்த முகத்தில். கையில் காம்பஸைக் கொடுத்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

“ஓட்டு” என்றேன்.

லூசில் எழுதினார். எழுதி முடிக்கும் வரை என் கை அந்தரத்திலேயே நின்றது. இறக்க மறந்துபோயிருந்தேன்.

“கையை இறக்குங்க சார்” என்றாள் டோரீன். “எண்ணியாச்சு.”

தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வார இறுதிக்குள் வீட்டைக் காலி செய்தாள். டோலீடோவில் தங்கை வீட்டுக் கூடத்தில் சோபாவில் படுத்துக்கொள்வதாகக் கேள்வி. விட்டுப்போன இடுப்புக்குச் சோபா ஆகாது என்று எனக்குத் தெரியும். காம்பஸை அவள் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அம்பைத் திருப்புவதற்கு வேறு ஆள் இல்லாததால், உபகுழு என்ற முறையில் நானே ஏணி போட்டு ஏறினேன். டோரீன் முடுக்கிய திருகாணி அது, லேசில் அசையவில்லை. ஒரு மணி நேரம் போராடி கனடாவை வடக்கே கொண்டுவந்தேன். கீழே நின்று மில்லர்ட் கை தட்டினார். திறப்பு விழாவில் எனக்குப் பித்தளைக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள். ‘திசைகளுக்கு ஆற்றிய தொண்டுக்காக.’ சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி அடித்தேன், சுவர் பெயர்ந்துவிட்டது.

ஒரு விஷயத்தை மட்டும் அறிக்கை எழுதும்போது நான் யோசிக்கவில்லை. பூங்காவிலிருந்து நேர் வடக்கே, எங்கள் தெரு வழியாக, சரியாக அரை மைல் நடந்தால் வருவது என் வீடு.

வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். ‘கனடா அரை மைல்’ என்று படித்துவிட்டு, நடந்தே போய்விடலாம் என்று கிளம்புகிறார்கள். முதுகுக்குப் பின்னால் ஆற்றுக்கு அப்பால் தெரிவதை டெட்ராய்டின் இன்னொரு பக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரை மைல் முடிந்ததும் என் அழைப்பு மணியை அழுத்துகிறார்கள். ஒருவர் பாஸ்போர்ட்டையே எடுத்து நீட்டினார். கோடை முடிவதற்குள் நாற்பத்தொரு பேர். அத்தனை பேருக்கும் நான் சரியான திசையைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். சபையில் வராத வார்த்தை வாசலில் தடையில்லாமல் வருகிறது.

போன சனிக்கிழமை நெப்ராஸ்காவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நல்ல வெயில். அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. உள்ளே உட்காரவைத்து, குளிர்ந்த இஞ்சி சோடா எடுத்து வந்தேன்.

“கனடா இந்தப் பக்கம் இல்லைங்க. வந்த வழியே திரும்பிப் போங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் தெரிஞ்சுதே, அதுதான். நேர் தெற்கால.”

“தெற்காலயா!” என்று அசந்துபோனார் கணவர். “இது இத்தனை வருஷம் எனக்குத் தெரியாதே. நீங்க பெரிய ஆள் சார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“பூங்காவுல வேலை செஞ்ச ஒருத்தங்க சொன்னாங்க” என்றேன்.

அந்த அம்மாள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோபமாகக் கேட்டாள்: “அப்ப அந்த அம்பு சமாசாரத்துக்காக யாரையாவது வேலையவிட்டுத் தூக்கியிருக்கணுமே? உங்க சங்கம் என்ன பண்ணிட்டிருக்கு?”

“தூக்கிட்டோம்” என்றேன்.

“அப்படித்தான் இருக்கணும்” என்றார் கணவர், என் கையைப் பிடித்துக் குலுக்கி. “பொறுப்பான சங்கம்.”

நாங்கள் தூக்கியது அம்பைச் சரியாக மாட்டியவளை. தப்பாகத் திருப்பியவன் அவர்களுடைய கிளாஸில் இன்னும் கொஞ்சம் இஞ்சி சோடா ஊற்றிக்கொண்டிருந்தான்.